சாய்ந்து அமரும் உரிமை: பாஸ்கா இரவும் பெண்களும்

பெரிய வியாழன் மாலையில், தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் கேரளச் சிரியன் கிறித்தவக் குடும்பங்களில் ஓர் எளிய சடங்கு நடைபெறுகிறது. அரிசி மாவுடன் உளுந்தைச் சேர்த்து, புளிக்க விடாமல் ஆவியில் வேகவைத்த அப்பத்தின்மேல் குருத்தோலைச் சிலுவை வைக்கப்படுகிறது. பக்கத்தில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பால். குடும்பத்தின் மூத்த ஆண் செபம் சொல்லி அப்பத்தைத் துண்டாக்கி, மூத்தவர் முதல் இளையவர் வரை பகிர்ந்தளிக்கிறார். அரிசியை ஊறவைத்ததும், அரைத்ததும், பதம் பார்த்து வேகவைத்ததும் வீட்டுப் பெண்கள். பிட்டுக் கொடுப்பவர் ஆண்.

அந்த அப்பத்தின் பெயர் 'பெசஹா அப்பம்'. யூதர்களின் விடுதலைத் திருவிழாவான 'பெசாக்' என்ற எபிரேயச் சொல்லின் வழிவந்த பெயர் அது. தமிழ் விவிலியத்தில் பஸ்கா என்றும் பாஸ்கா என்றும் நாம் படிப்பது இதையே. யூதர்களும் சென்னைக்குப் புதியவர்கள் அல்லர். பவளமும் வைரமும் வணிகம் செய்த போர்த்துகீசிய யூதர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே மதராசில் வாழ்ந்தனர். 1688இல் அமைந்த மாநகராட்சியின் முதல் ஆல்டர்மன்களில் யூத வணிகர்களும் இருந்தனர். மண்ணடியின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

அப்பம் சுடுபவர் ஒருவர், பிட்டுக் கொடுப்பவர் வேறொருவர் என்ற இந்த வழக்கத்தின் வேர் தேடிப் பின்னோக்கிச் சென்றால், யூதச் சட்டம் பாஸ்கா இரவில் பெண்களுக்கு என்ன கடமைகளை விதித்தது என்ற கேள்வியில் போய் நிற்போம். பழங்காலச் சட்டம்தானே, பெண்ணை ஒதுக்கியே வைத்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அவ்வளவு எளிதானதன்று. அந்த இரவின் கடமைகள் அனைத்திலும் அச்சட்டம் பெண்ணைச் சேர்த்தது. ஒன்றே ஒன்றிலிருந்து மட்டும் அவளுக்கு விலக்கு அளித்தது. அந்த ஒரு விலக்கில்தான் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இருக்கிறது.

ஒழுங்குபடுத்தப்பட்ட இரவு

பங்குனியிலோ சித்திரையிலோ வரும் முழுநிலவை ஒட்டி, எபிரேய நாட்காட்டியின் நிசான் மாதம் 15ஆம் நாள் இரவில் பாஸ்கா விருந்து நடைபெறுகிறது. இஸ்ரேலில் ஓர் இரவு. வெளிநாடுகளில் மரபு வழுவாத குடும்பங்களில் இரண்டு இரவுகள். இவ்விருந்துக்கு 'செடர்' என்று பெயர். செடர் என்றால் ஒழுங்கு, வரிசைமுறை. எகிப்தில் அடிமைகளாயிருந்த முன்னோர் விடுதலை பெற்ற வரலாற்றை உணவாலும் சொல்லாலும் மீண்டும் வாழ்ந்து பார்ப்பதே அதன் நோக்கம். அவசரமாகப் புறப்பட்டதன் நினைவாகப் புளிப்பில்லா அப்பமான மட்சாவை உண்ண வேண்டும். அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை. விடுதலைக்கு நான்கு கிண்ணம் திராட்சை மது. பிள்ளைகள் கேள்வி கேட்க, பெரியவர்கள் 'ஹகதா' என்ற நூலை வைத்துக்கொண்டு கதை சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக ஒரு விதி உண்டு. அப்பத்தை உண்ணும்போதும் மதுவைப் பருகும்போதும் இடப்பக்கம் சாய்ந்து அமர வேண்டும். பண்டைய கிரேக்க, ரோமானிய உலகில் மஞ்சத்தில் சாய்ந்தபடி விருந்துண்டவர்கள் சுதந்திர மனிதர்கள். அடிமை நின்றபடி பரிமாறுவான். நேற்றுவரை நின்றவன் இன்று சாய்கிறான் என்பதை உடலாலேயே அறிவிப்பது இவ்விதி. நம் வீடுகளில் கூடத்தில் கிடந்த சாய்வு நாற்காலியை நினைத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். அது தாத்தாவின் இடம். பாட்டி அதில் சாய்ந்து நாம் பார்த்ததில்லை.

விலக்கும் விதிவிலக்கும்

யூதச் சட்டத்தில் பொதுவிதி ஒன்று உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா அதைச் சுருக்கமாக வகுக்கிறது. 'செய்யாதே' என்னும் கட்டளைகள் ஆண், பெண் இருவருக்கும் பொது. 'செய்' என்னும் கட்டளைகளில், குறிப்பிட்ட நேரத்தோடு பிணைந்தவற்றிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு. புத்தாண்டில் கொம்பு ஊதக் கேட்பது, கூடாரத் திருவிழாவில் கூடாரத்தில் தங்குவது போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை.

ஏன் இந்த விலக்கு? மூலநூல் காரணம் சொல்லவில்லை. பின்னாளில் பலர் பல காரணங்களைக் கூறினர். அவற்றுள் மறைவின்றிப் பேசியவர் 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த தாவீது அபுதர்ஹாம். மனைவி கணவனின் பணியில் இருப்பவள். இறைவனின் கட்டளையும் கணவனின் கட்டளையும் ஒரே நேரத்தில் வந்தால் அவள் இக்கட்டில் சிக்குவாள். வீட்டில் அமைதி நிலவ இறைவனே தன் கட்டளையை விட்டுக்கொடுத்தான் என்பது அவர் விளக்கம். அதாவது, பெண்ணின் நேரம் பெண்ணுக்குச் சொந்தமில்லை. கட்டளைகளைப் பொறுத்தவரை தல்மூதும் பெண்ணையும் அடிமையையும் ஒரே தட்டில் வைக்கிறது.

பாஸ்கா இரவோ நேரத்தோடு பிணைந்த கடமைகளின் இரவு. பொதுவிதிப்படி பார்த்தால் பெண்களுக்கு முழு விலக்கு கிடைத்திருக்க வேண்டும். ஆனால் சட்ட அறிஞர்கள் அவ்வழியில் செல்லவில்லை. புளித்ததை உண்ணாதே என்ற தடையும், புளிப்பில்லா அப்பத்தை உண் என்ற கட்டளையும் இணைச்சட்ட நூலில் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. தடைக்கு உட்பட்டவர் எவரோ அவர் கட்டளைக்கும் உட்பட்டவரே என்று ரபி எலயாசர் வாதிட்டார். தடை பெண்ணுக்கும் உண்டு என்பதில் ஐயமில்லை. எனவே அப்பம் உண்ணும் கடமையும் அவளுக்கு உண்டு. தடைகளில் மட்டும் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு சிறப்புகளில் விட்டுவிடும் பழக்கம் எல்லாச் சமூகங்களிலும் இருப்பதுதான். அந்தப் பழக்கத்தையே தலைகீழாக்குகிறது இந்த வாதம்.

நான்கு கிண்ண மது பிற்கால அறிஞர்கள் ஏற்படுத்திய கடமை. அதற்கு ரபி யோசுவா பென் லேவி வேறொரு காரணம் சொன்னார். அந்த அற்புதத்தில் பெண்களும் பங்குபெற்றார்கள். ஆகவே அவர்களும் கடமைப்பட்டவர்கள் என்றார். பூரிம் நாளில் எஸ்தர் சுருளைக் கேட்பதற்கும், ஹனுக்கா விளக்கு ஏற்றுவதற்கும் இதே காரணமே சொல்லப்பட்டது.

'பங்குபெற்றார்கள்' என்றால் என்ன பொருள் என்பதில் இடைக்கால பிரான்சின் உரையாசிரியர்கள் வேறுபட்டனர். 12ஆம் நூற்றாண்டின் ராஷ்பாம், விடுதலையே பெண்களால்தான் வந்தது என்று பொருள் கொண்டார். அதற்கு ஆதாரம் வலுவானது. ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட ஆணையை மீறியவர்கள் சிப்பிராள், பூவாள் என்ற இரு மருத்துவச்சிகள். மோசேயை மூன்று மாதம் ஒளித்துவைத்தவர் தாய். ஆற்றங்கரையில் காவல் நின்றவர் அக்கா மிரியாம். எடுத்து வளர்த்தவர் பார்வோனின் மகள். மோசே பேசத் தொடங்கும் முன்பே ஐந்து பெண்கள் செயல்பட்டு முடித்திருந்தனர். அக்காலத்து நேர்மையுள்ள பெண்களின் பொருட்டே இஸ்ரயேலர் மீட்கப்பட்டனர் என்று தல்மூதும் பதிவுசெய்கிறது. தோசஃபோத் என்ற உரை மரபினரோ, 'பெண்களும்' என்னும் சொல்லில் உள்ள 'உம்' அவர்களை இரண்டாமிடத்தில்தானே வைக்கிறது என்று சுட்டி, ஆபத்தில் அவர்களும் இருந்தார்கள் என்பதே பொருள் என்றனர். காரணம் எதுவாயினும் முடிவு ஒன்றே. யோசேப் காரோ 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'ஷுல்கான் அரூக்' சட்டத்தொகுப்பு, நான்கு கிண்ணத்திலும் அவ்விரவின் ஏனைய கட்டளைகள் அனைத்திலும் பெண்களுக்குக் கடமை உண்டு என்று அறுதியிட்டது.

கடமை என்ற சொல் இங்கே சுமையை மட்டும் குறிக்கவில்லை. யூதச் சட்டத்தில் ஒரு கடமைக்கு உட்பட்டவரே அதைப் பிறருக்காகவும் நிறைவேற்ற இயலும். ஓய்வுநாள் மது ஆசியுரையில் பெண்ணுக்கும் சம கடமை இருப்பதால் அவள் ஆண்களுக்காகவும் அதைச் சொல்லலாம் என்று அதே சட்டத்தொகுப்பு கூறுகிறது. கடமையோடு அதிகாரமும் வருகிறது. விலக்கு கருணை போலத் தோன்றினாலும், அதிகாரத்தைச் சத்தமின்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

சாய்வதற்கு யாருக்கு உரிமை?

இப்போது அந்த ஒரு விலக்குக்கு வருவோம். சாய்ந்து அமரும் விதியை மிஷ்னா வலியுறுத்தும் விதம் குறிப்பிடத்தக்கது. இஸ்ரயேலில் மிக வறியவனும் சாயாமல் உண்ணக்கூடாது. பொதுத் தருமத்தில் வாழ்பவனுக்கும் நான்கு கிண்ணம் குறையக்கூடாது. பணியாளனும் சாய வேண்டும், தந்தையின் அருகில் அமர்ந்த மகனும் சாய வேண்டும் என்று தல்மூத் தொடர்கிறது. ஆசிரியர் அருகில் அமர்ந்த மாணவனுக்கு மட்டும் மரியாதை கருதிக் கட்டுப்பாடு உண்டு. இந்தப் பட்டியலில்தான், கணவன் அருகில் இருக்கும் பெண் சாய வேண்டியதில்லை என்ற விதியும் வருகிறது. உடனே ஒரு திருத்தமும் உண்டு: அவள் மதிப்புக்குரிய பெண்ணாக இருந்தால் சாய வேண்டும்.

வறியவன் சாயலாம், பணியாளன் சாயலாம், மனைவி சாய வேண்டியதில்லை. விடுதலையின் விருந்தில் விடுதலையின் அடையாளம் அவள் உடலுக்கு மட்டும் கட்டாயமாகவில்லை. காரணம் தேடிய ராஷ்பாம், கணவனிடம் அவளுக்குள்ள அச்சத்தைச் சுட்டினார். சாய்வது பெண்களின் வழக்கமன்று என்றனர் வேறு சிலர்.

யார் அந்த மதிப்புக்குரிய பெண்? பிரான்சின் தென்பகுதியில் நார்போன் நகரைச் சேர்ந்த ரபி மனோவாக் சில விளக்கங்களைத் தருகிறார். கணவன் இன்றித் தன் வீட்டுக்குத் தானே தலைவியாக இருப்பவள் என்பது ஒன்று. தன் செயல்களால் சிறந்தவள் என்பது இன்னொன்று. பணிப்பெண்கள் இருப்பதால் உணவு ஆக்கும் வேலையில் உழல வேண்டாதவள் என்பது மற்றொன்று.

முதல் விளக்கம் தமிழ் வாசகரைச் சற்று நிறுத்தும். நம் சடங்குகளில் பெண்ணின் இடம் கணவனைக் கொண்டு அளக்கப்படுகிறது. கணவனை இழந்தவள் மங்கல நிகழ்வுகளில் பின்னால் ஒதுங்க வேண்டும். மகளின் திருமணத்திலேயே மேடையேறத் தயங்கி நிற்கும் தாய்மாரை நம் திருமண மண்டபங்களில் இன்றும் காண்கிறோம். பாஸ்கா இரவிலோ, மனோவாக்கின் கணக்குப்படி, கைம்பெண் அரசியைப் போலச் சாய்கிறாள். சுமங்கலிக்குத்தான் அது கட்டாயமில்லை. எந்த ஏற்பாடு நல்லது என்பதன்று கேள்வி. இரண்டுமே பெண்ணைத் தனி ஒருத்தியாகப் பார்க்கவில்லை. கணவன் இருக்கிறானா, இல்லையா என்று கேட்டுவிட்டே அவளுக்கு இடம் ஒதுக்குகின்றன.

மூன்றாம் விளக்கமோ நேரே அடுப்படிக்குப் போகிறது. சமையலில் உழல்பவளால் சாய இயலாது. உழைப்பே அவளுடைய விடுதலைக்குத் தடையாக நிற்கிறது என்பதை ஓர் இடைக்காலச் சட்ட அறிஞர் தம்மையறியாமலே பதிவுசெய்துவிட்டார்.

16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவ் நகரில் வாழ்ந்த மோசே இஸர்லெஸ், தம் காலத்துப் பெண்கள் எல்லோரும் மதிப்புக்குரியவர்களே என்று தீர்ப்பளித்தார். பெரிய மாற்றம்தான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, பெண்கள் சாய்வதை வழக்கமாகக் கொள்ளவில்லை என்றும், இக்காலத்தில் சாய்வது தேவையில்லை என்ற ஒரு பழைய கருத்தை அவர்கள் நம்பியிருக்கிறார்கள் என்றும் எழுதினார். ஆண்களோ தொடர்ந்து சாய்ந்துகொண்டிருந்தனர். மதிப்பு ஏட்டில் ஏறியது. உடலின் நிலை மாறவில்லை.

கேட்பவளும் சொல்பவளும்

கதை சொல்லும் கடமையில் பெண்ணின் இடம் என்ன? செடரின் உயிரான பகுதி கேள்வி கேட்பது. மகன் கேட்க வேண்டும். அவனுக்கு அறிவு போதாவிட்டால் மனைவி கேட்க வேண்டும். எவரும் இல்லையென்றால் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது தல்மூத். பெண் கேட்பவளாக இடம்பெறுகிறாள். சொல்பவளாக இருக்கும் கடமை அவளுக்கு உண்டா என்பது நெடுங்கால விவாதம். ஆண், பெண் இருவருக்கும் உண்டு என்கிறது, 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுந்த 'சேஃபர் ஹஹினூக்' என்ற நூல். பெண்களைக் கட்டுப்படுத்தும் நேரம் சார்ந்த கடமைகளைப் பட்டியலிட்ட மைமோனிடஸ் இதை அதில் சேர்க்கவில்லையே என்று பின்வந்தவர்கள் தயங்கினர். எனினும் கதையைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று இஸர்லெஸ் தெளிவாக எழுதினார். வழிபாட்டு மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் விட்டுவிடவில்லை.

இந்த இடத்தில் நம் அண்டை மண்ணான கொச்சியை நினைக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் படித்தார்கள். ஆண்களின் முன்னிலையில் உரக்கப் பாடினார்கள். பெண் குரலை ஆண்கள் கேட்கலாகாது என்று வேறு நாட்டு யூதச் சமூகங்கள் பல கடைப்பிடித்த கட்டுப்பாடு இங்கே செல்லுபடியாகவில்லை. விவிலியக் கதைகளையும் திருமணச் சடங்குகளையும் மலையாளத்தில் பாடல்களாக்கி, கையெழுத்து ஏடுகளில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ஏடுகளும் உடன் சென்றன. கதை சொல்லும் கடமை பெண்ணுக்கு உண்டா என்று ஏடுகள் வாதிட்டுக்கொண்டிருக்க, கொச்சிப் பெண்கள் பாடியே சொல்லிவிட்டார்கள்.

சட்டத்தில் இல்லாத சுமை

இதுவரை பார்த்தவை எழுதப்பட்ட கடமைகள். எழுதப்படாத ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

பாஸ்காவின்போது வீட்டில் கோதுமை, பார்லி முதலான ஐந்து தானியங்களின் புளித்த மாவு துளியும் இருக்கக்கூடாது. அரிசி அந்த ஐந்தில் சேராது. அரிசி மாவு புளிப்பதைத் தல்மூத் புளிப்பு என்று சொல்வதில்லை, கெட்டுப்போவது என்கிறது. இட்லி மாவைக் கண்ணும் கருத்துமாகப் பொங்கவைக்கும் நாம் அதை ஏற்கத் தயங்குவோம். எவ்வாறாயினும், அடுக்களை, அலமாரி, பாத்திரம் எல்லாம் துலக்கப்பட வேண்டும். முந்தைய இரவில் விளக்கொளியில் மூலை முடுக்கெல்லாம் தேடி, மறுநாள் காலையில் கிடைத்ததை எரிக்க வேண்டும். போகியன்று புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதப்படுவதைக் கண்ட தென்சென்னைவாசிகளுக்கு, பழையதை எரித்துவிட்டுத் திருநாளை வரவேற்கும் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தூய்மைப்பணி பெண்ணின் கடமை என்று சட்டம் எங்கும் தனித்துக் கூறவில்லை. ஆனால் சட்ட விவாதங்களைக் கூர்ந்து படித்தால், பெண்ணின் கைகள் எங்கும் தெரிகின்றன. புளித்ததை அகற்றியாயிற்று என்று பெண் சொன்னால் நம்பலாம் என்று ஓரிடம் சொல்கிறது. பிசையும் மாவுக்கு இரவு முழுதும் ஆறிய நீரையே பெண் பயன்படுத்த வேண்டும் என்கிறது இன்னோரிடம். மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் பிசைந்து ஒரே அடுப்பில் ஒருவர் பின் ஒருவராகச் சுடலாம் என்கிறார் ரபான் கமலியேல். அது கூடாது; ஒருத்தி பிசைய, ஒருத்தி தட்ட, ஒருத்தி சுட வேண்டும் என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். நீர் பட்ட மாவு கைபடாமல் 18 நிமிடம் கிடந்தால் புளித்ததாகக் கருதப்படும் என்பதால் எழுந்த விவாதம் இது. பேசியவர்கள் ஆண்கள். அவர்கள் பேச்சின் பொருள், வெந்த அடுப்பின் முன் நேரத்தோடு போட்டியிட்ட மூன்று பெண்கள்.

இந்திய யூதர்களிடையே இதற்குச் சான்றுகள் உண்டு. கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரயேல் மக்கள் பல நூற்றாண்டுகள் ஏனைய யூத உலகோடு தொடர்பற்று வாழ்ந்தனர். எபிரேயத்தை ஏறக்குறைய மறந்திருந்த காலத்திலும், இந்தப் பருவத்தில் புளிப்புச் சாறு வைக்கும் ஜாடியை எட்டு நாள் மூடிவைக்கும் ஒரு திருநாளைக் கொண்டாடிவந்தனர். நூல் மறைந்த இடத்தில் ஜாடியின் மூடி நினைவைக் காத்தது. நூலைத் திரும்பப் பெற்ற பின், 1874இல் புனேயில் எபிரேயமும் மராத்தியும் இணைந்த ஹகதா ஒன்று அச்சாயிற்று. அதன் ஓவியங்களில் சேலை கட்டிய பெண்கள் மாவு பிசைந்து அப்பம் சுடுகிறார்கள். வரைந்தவருக்குத் தெரிந்திருந்தது, அந்த இரவு எங்கே தொடங்குகிறது என்று.

கொச்சியில் இந்த ஆயத்தம் ஒரு தவமாகவே ஆயிற்று. அங்கு ஆய்வு செய்த நேதன் காட்சும் எலன் கோல்ட்பர்க்கும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஹனுக்கா முடிந்ததுமே வேலை தொடங்கிவிடும். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கிணறு இறைப்பார்கள். அரிசியைப் பெண்கள் மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். மசாலாப் பொருள்களைக் கழுவிக் காயவைத்து இடித்து, பாஸ்காவுக்கென்றே ஒதுக்கிய பாத்திரங்களில் வைப்பார்கள். இப்படி ஏறத்தாழ நூறு நாட்கள். இந்த நாட்களில் ஒரு பெண் ஆயத்தத்தில் சிறு பிழை செய்தாலும் அவள் கணவனின், பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து நேரும் என்ற நம்பிக்கையும் அங்கு நிலவியது.

இந்த நம்பிக்கை எந்தச் சட்டநூலிலும் இல்லை. ஆனால் சட்டநூலில் உள்ள எந்தக் கடமையையும்விட அது அழுத்தமானது. நமக்கு அது அந்நியமாகவும் தோன்றாது. நோன்பில் ஒரு தவறு நேர்ந்தால் தாலிக்கு ஆகாது, விளக்கு அணைந்தால் வீட்டுக்கு ஆகாது என்ற அச்சங்களோடு வளர்ந்தவர்கள் நம் பாட்டிமார். அதேவேளை ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தக் கொச்சிப் பெண்கள் தங்களைச் சுமை தாங்கிகளாக மட்டும் கருதவில்லை. ஒரு சமூகத்தின் தூய்மை முழுவதும் தங்கள் விரல் நுனியில் இருக்கிறது என்ற பெருமிதமும் அவர்களுக்கு இருந்தது. பெருமிதமும் அச்சமும் ஒரே வேலையில் கலந்திருப்பதுதான் இதை எளிதில் தீர்ப்பிட முடியாததாக்குகிறது.

விடுதலை விருந்தின் முரண் பெண்களோடு முடியவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்டவர்களைப் பரதேசி தொழுகைக்கூடம் நெடுங்காலம் சமமாக அமர விடவில்லை. ஆண்டுதோறும் அடிமைத்தளை அறுந்த கதையைப் படித்த சமூகம் அது. அந்தப் பிரிவில் பிறந்து, சென்னையில் பட்டப்படிப்பும் சட்டமும் பயின்று திரும்பிய ஏ.பி. சேலம், காந்திய வழியில் தொழுகைக்கூடத்திலேயே அறப்போராட்டம் நடத்தி அந்தத் தடைகளைத் தளர்த்தினார். எங்கே அமரலாம், எப்படி அமரலாம் என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி அன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் வீட்டு விருந்து

யூதப் பெண்களும் அதை அறிந்தே செயல்பட்டனர். 1976இல் நியூயார்க்கில் பெண்கள் சிலர் கூடி, தாங்களே எழுதிய ஹகதாவைக் கொண்டு பெண்களின் செடரை நடத்தினர். பாலைவனத்தில் மிரியாமின் பொருட்டுக் கிணறு மக்களைத் தொடர்ந்து வந்தது என்ற பழங்கதையைக் கொண்டு, மேசையில் மிரியாமுக்காக ஒரு கிண்ணம் நீர் வைக்கும் வழக்கம் 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிப் பரவியது. மரபு வழுவாத குடும்பங்களிலும் இன்று சாய்ந்தமர்ந்து மதுவருந்தும் பெண்கள் உண்டு. இஸர்லெஸ் பாதி சொல்லி விட்டதை அவர்கள் முழுமையாக்குகிறார்கள் என்று சொல்லலாம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சடங்கில் பெண்ணின் இடத்தை அறிய மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அவளுக்குக் கடமை உண்டா? எதிலிருந்து அவளுக்கு விலக்கு தரப்பட்டிருக்கிறது? எழுதப்படாத வேலை யார் தலையில் விழுகிறது? முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடினால், எங்கள் மரபு பெண்ணைப் போற்றுகிறது என்று எல்லா மதத்தினரும் பெருமை பேசிவிடலாம். மூன்றையும் சேர்த்துக் கேட்டால் பேச்சு தடுமாறும். பெண்ணுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று கனிவோடு தரப்படும் விலக்கு பெரும்பாலும் சொல்லும் உரிமையிலிருந்தும், அமரும் உரிமையிலிருந்தும் தரப்படுகிறது. அரைக்கும், துலக்கும், காத்திருக்கும் வேலைகளிலிருந்து யாரும் அவளுக்கு விலக்கு அளிப்பதில்லை.

பொங்கலோ, ரம்ஜானோ, பெரிய வியாழனோ, எந்தத் திருநாளின் முன்மாலையிலும் தாம்பரம் வந்து சேரும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியைப் பாருங்கள். அலுவலகத்தில் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு, மடியில் பூவும் பழமும் காய்கறிப் பையுமாக இன்னொரு நாள் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய நேரம் அவர்களுக்குச் சொந்தமா என்று அபுதர்ஹாம் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கேள்வி அந்தப் பெட்டியில் இன்றும் பயணம் செய்கிறது.

சட்டம் எழுதியவர்கள் எகிப்தின் கதையை நினைவில் வைத்துக்கொண்டு, வறியவனும் பணியாளனும் கூடச் சாய்ந்து அமரட்டும் என்றார்கள். அந்தப் பட்டியலில் விடுபட்டவரைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த திருநாளில், பரிமாறும் கரண்டியை வேறொருவர் வாங்கிக்கொண்டு, சமைத்தவரை முதல் பந்தியில் அமரச் சொன்னால் போதும். கூடத்துச் சாய்வு நாற்காலியும் அவருக்காகக் கொஞ்சம் காத்திருக்கட்டும்.